வீட்டிற்குள் வராத ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் பாட்டிமார் சொல்லிச் சென்ற பழமொழி. ஆயினும் இன்று நம் பிள்ளைகள் பலர் ஓர் ஆமையை வீட்டிற்குள் வரவழைக்கப் பெரிதும் பாடுபடுகின்றனர். அதுவோ வர மறுக்கின்றது. வராமையால் வீட்டில் அழுகையும் வசையும் எழுகின்றன. இந்த ஆமை கிணற்றில் வாழும் ஆமையன்று. கணினித் திரையில் கோடு கிழித்துச் செல்லும் ஆமை. பைதான் என்னும் நிரல்மொழியைக் கற்கும் பிள்ளைகள், அம்மொழியில் படம் வரைவதற்கு முதன்முதலில் அழைப்பது இதனையே. அழைத்தும் அது வாராதபோது செய்யத்தக்கது யாது என்பதை, நம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். ஊரிலுள்ள பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியாகவே துணை நிற்க வேண்டியவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

நம் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. தென்னையை நம்பி வாழும் ஊர். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது அது கேரளத்தில் அமைந்தது. எல்லைக்கோடு தாளில் எளிதாக விழுந்துவிட்டது. மக்கள் நாவிலோ தமிழே நிலைத்தது. ஆதலின் நம் ஊர்ப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, கணினியின் முன் மற்றொரு மொழி என்று மூன்று மொழிகள் வாய்த்தன. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே.

கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி வேரூன்றிய வரலாற்றை இங்கே சிறிது நினைவுகூர்தல் தகும். 2001 ஆம் ஆண்டில் 'ஐடி அட் ஸ்கூல்' என்னும் திட்டம் தொடங்கியது. 2017 இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களை விடுத்து, யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களையே பள்ளிகளில் வழங்கியது இத்திட்டத்தின் சிறப்பு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் முதல் தொலைக்காட்சி வழியே பாடம் நடந்தபோது தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் உருவாக்கப்பெற்றன. பத்தாம் வகுப்பில் கணினிக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சி நடந்த நாளில், அவ்வகுப்புப் பாடநூலில் பைதான் கொண்டு படம் வரையும் பாடம் இடம்பெற்றிருந்தது.

2022 ஆம் ஆண்டு. நம் தம்பியின் மகள் ஊரில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி, ஊர் சென்ற நண்பர் ஒருவர் வழியாக அனுப்பியிருந்தோம். அதில் உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளம் இருந்தது. பள்ளிக் கணினியில் ஆமையைக் கொண்டு சதுரமும் நட்சத்திரமும் வரைந்த பிள்ளை, அதே நிரலை வீட்டில் தட்டச்சுச் செய்தபோது, படத்திற்கு மாறாக ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள் வந்து நின்றன. மறுபடியும் தட்டச்சுச் செய்தாள். மறுபடியும் அதே வரிகள். ஒரு வாரம் முயன்று ஓய்ந்தாள்.

தம்பி அக்கணினியைப் பக்கத்து நகரத்துக் கடையொன்றிற்கு எடுத்துச் சென்றான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு இயங்குதளம் போட வேண்டும் என்று அங்கே கூறிவிட்டனர். அதற்குக் கேட்ட தொகை தம்பியின் சில நாள் கூலிக்கு நிகர். வீடு திரும்பிய தம்பி, "தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்ததே தப்பு. இங்கிலீஷ் படிச்ச பிள்ளைக்கு இப்படி ஆகுமா?" என்று மனம் நொந்து பேசினான். பிளஸ் ஒன் வகுப்பில் கணினிப் பாடமே வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டான். பிள்ளை கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். தேர்வுக்கோ ஒரு திங்களே எஞ்சியிருந்தது.

இச்செய்தி நம்மை எட்டிய விடுமுறை நாளில் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தோம். "பெரியப்பா, பள்ளிக்கூடத்துல வருதுங்க, வீட்டுல வரமாட்டேங்குதுங்க" என்று அழாக்குறையாகச் சொன்னாள். கணினியைத் திறந்து, வந்த வரிகளுள் கடைசி வரியை மட்டும் எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னோம். அவள் படித்தாள். 'டிகேஇன்டர் என்னும் பெயருடைய கூறு காணப்படவில்லை' என்பது அவ்வரியின் பொருள். பொருளைச் சொன்னதும் பிள்ளை ஒரு கணம் பேசாதிருந்தாள். பிறகு, "நான் ஆமையைத்தானுங்க பெரியப்பா கேட்டேன்? இது வேற எதையோ இல்லைங்குதுங்களே?" என்றாள்.

அன்பர்களே, நோயின் வேர் அந்தக் கேள்வியில் அகப்பட்டுவிட்டது. கேட்டது ஒன்று, இல்லை என்று வந்த விடை வேறொன்று. இரண்டிற்கும் இடையில் உள்ள தொடர்பை அறிந்தால் மருந்து கைக்கு வந்துவிடும்.

நம் வட்டத்து உழவரைக் கேளுங்கள். ஆழியாற்று நீர் மணக்கடவில் அளக்கப்பெற்று, மூலத்தறைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய், கிளைக்கால்வாய், மடை என்று பிரிந்து வயலை அடைகின்றது. வயலில் நீர் வரவில்லையென்றால் அறிவுடைய உழவர் வயலை வெட்டி எறிவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மடை மடையாக மேல்நோக்கி நடந்து, எவ்விடத்தில் அடைத்துக்கொண்டது என்று பார்க்கின்றார். நிரல்மொழியிலும் நடப்பது இதுவே.

பிள்ளை எழுதிய நிரல் ஆமையை அழைக்கின்றது. ஆமை என்பது பைதானோடு வரும் ஒரு நிரற்கூறு. அக்கூறு தானே திரையில் கோடு கிழிக்க வல்லதன்று. அது டிகேஇன்டர் என்னும் மற்றொரு கூற்றை அழைக்கின்றது. டிகேஇன்டர் ஒரு பாலம். அது 'டிகே' என்னும் வரைகலை நூலகத்தைத் தட்டி எழுப்புகின்றது. டிகேதான் கணினியின் திரையோடு பேசிச் சாளரத்தைத் திறப்பது. இந்நூலகம் பைதானுக்கென்று பிறந்ததன்று. பைதானை நெதர்லாந்து நாட்டில் உருவாக்கி 1991 இல் வெளியிட்டவர் கைடோ வான் ராசம். டிகேயோ, ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹௌட், தாம் படைத்த 'டிக்கிள்' என்னும் வேறொரு மொழிக்காக ஆக்கியது. வேற்றூர்ப் பெண்ணை மருமகளாகக் கொண்டதுபோலப் பைதான் அதனைத் தன் வீட்டிற்கு அழைத்துக்கொண்டது.

பிழைச்செய்தியின் ஏழெட்டு வரிகளும் இந்த மடைகளின் பட்டியலே. முதலில் பிள்ளையின் கோப்பும் அதிலுள்ள வரியெண்ணும் இருந்தன. அடுத்து ஆமைக் கூற்றின் கோப்பும், அது டிகேஇன்டரை அழைத்த வரியும் இருந்தன. கடைசி வரியில், இல்லாதது இன்னது என்ற விடை இருந்தது. பைதான் கடைசியில் நடந்ததைக் கடைசியில்தான் சொல்லும். ஆதலின் அதனைப் படிக்கும்போது கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மேலிருந்து தொடங்குபவர் முதல் இரண்டு வரிகளிலேயே மருண்டு, கணினியை மூடிவிடுவர்.

பள்ளிக் கணினியில் இருந்தது வீட்டுக் கணினியில் இல்லாது போனது ஏன்? அதற்கும் காரணம் உண்டு. உபுண்டுவும் அதன் தாயாகிய டெபியனும் பைதானைப் பல பொதிகளாகப் பிரித்து வைத்துள்ளன. திரையே இல்லாமல் எங்கோ ஓர் அறையில் ஓடும் கணினிகள் உலகில் ஏராளம். அவற்றிற்குச் சாளரம் திறக்கும் நூலகம் வீண் சுமை. ஆதலின் டிகேஇன்டரைத் தனிப் பொதியாக்கி, வேண்டுவோர் பெற்றுக்கொள்க என்று விட்டுவிட்டனர். பள்ளிக் கணினிகளிலோ பாடத்திற்கு வேண்டிய யாவும் முன்னரே நிறுவப்பெற்றிருக்கும். வீட்டுப் பானையில் அரிசி இருந்தும் உப்பு வாங்காத நிலைதான் நம் பிள்ளைக்கு நேர்ந்தது. பானையை உடைக்க வேண்டிய தேவை என்ன?

மருந்து ஒரே வரி. தம்பியின் கைப்பேசியிலிருந்து இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்துகொள்ளச் சொன்னோம். டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், பைதான்3-டிகே என்னும் நான்கு சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடையிடையே ஓர் இடம் விட்டு, ஒரே வரியில் தட்டச்சுச் செய்யச் சொன்னோம். கடைச் சொல்லில் மூன்று என்பது எண். டிகே என்பது டி, கே என்னும் இரண்டெழுத்து. அவற்றின் நடுவே ஒரு சிறு கோடு. உடனே கடவுச்சொல் கேட்டது. "தட்டறேனுங்க, ஒன்னுமே தெரியலீங்க" என்று பிள்ளை மீண்டும் கலங்கினாள். கடவுச்சொல்லைத் தட்டும்போது எழுத்தோ புள்ளியோ தோன்றாதிருப்பது இயல்பு. பிறர் கண்ணில் படாதிருக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். தயங்காமல் தட்டி முடித்து என்டர் விசையை அழுத்தச் சொன்னோம். சில நிமிடங்களில் பொதி இறங்கி அமர்ந்தது. பின்னர் நிரலை ஓட்டினாள். வெண்ணிறச் சாளரம் ஒன்று திறந்தது. சிறிய அம்புமுனை ஒன்று புறப்பட்டுச் சதுரம் வரைந்தது. தொலைபேசியின் மறுமுனையில், "ஆமை வந்துருச்சு" என்று அவளுடைய பாட்டி சொல்லிச் சிரித்தது நமக்குக் கேட்டது. செலவு ஒரு காசும் இல்லை. அழிந்த கோப்பு ஒன்றும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பைதானுக்கு வேண்டிய கூறுகளைப் பெறுவதற்குப் 'பிப்' என்னும் கருவி ஒன்று உண்டு. பிள்ளைகள் அதனைக் கொண்டு டிகேஇன்டரைத் தேடுவர், அது கிடைக்காது. டிகேஇன்டர் பைதானின் உள்ளுறுப்பு; ஆதலின் பைதானை எங்கிருந்து பெற்றோமோ அங்கிருந்தே அதனையும் பெற வேண்டும். விண்டோஸ் கணினியாயின், பைதானை நிறுவும்போது டிக்கிள், டிகே ஆகியவற்றின் பெயர் தாங்கிய ஒரு கட்டம் தோன்றும். அதில் உள்ள குறி நீங்கியிருந்தால் ஆமை வராது. நிறுவியை மீண்டும் ஓட்டி, மாற்றியமைக்கும் வழியைத் தேர்ந்து, அக்கட்டத்தில் குறியிட்டால் போதும்.

நூலகம் உள்ளதா என்று ஐயமெழுந்தால் சோதிக்கவும் எளிய வழியுண்டு. டெர்மினலில் பைதான்3 என்று எழுதி, ஓர் இடம் விட்டுச் சிறு கோடும் எம் என்னும் எழுத்தும் இட்டு, மேலும் ஓர் இடம் விட்டு டிகேஇன்டர் என்று எழுதி என்டர் விசையை அழுத்துக. டிகேயின் பதிப்பெண்ணைக் காட்டும் ஒரு சிறு சாளரம் திறந்தால் நூலகம் நலமாக உள்ளது என்று பொருள். பிழை அதற்கும் இப்பால், நம் நிரலில்தான் இருக்க வேண்டும்.

நம் பிள்ளையின் தோழி ஒருத்திக்கு அடுத்த வாரமே வேறு வகையான இடர் வந்தது. அவள் கணினியில் எல்லாப் பொதிகளும் இருந்தன. ஆயினும், முன்னே செல் என்னும் கட்டளையின் பெயரே வரையறுக்கப்படவில்லை என்று பிழைச்செய்தி கூறிற்று. அவள் தன் கோப்பிற்கு ஆமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே பெயராக இட்டிருந்தாள். நிரல் ஆமையை அழைத்ததும் பைதான் முதலில் பக்கத்தில் தேடுகின்றது. பக்கத்தில் அதே பெயருடைய அவளது கோப்பு நிற்கின்றது. அதையே ஆமை என்று எடுத்துக்கொள்கின்றது. ஒரு தெருவில் ஒரே பெயருடையார் இருவர் இருந்தால், கடிதம் அண்டை வீட்டாரிடம் போய்ச் சேர்வதுபோல என்று கொள்ளலாம். கோப்பின் பெயரைச் சதுரம் என்று மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. இதனைக் கண்டுபிடித்தது நாமல்லோம். நம் தம்பி மகளே கண்டுபிடித்தாள்.

இன்னும் இரண்டு இடர்கள் அடிக்கடி நேர்வன. ஒரே கணினியில் இரண்டு பைதான் பதிப்புகள் இருந்து, ஒன்றிற்கு நூலகத்தை நிறுவிவிட்டு மற்றொன்றில் நிரலை ஓட்டுதல் ஒன்று. பழைய இரண்டாம் பைதானில் டிகேஇன்டரின் பெயர் பேரெழுத்தில் தொடங்கும். மூன்றாம் பைதானில் சிற்றெழுத்தில் தொடங்கும். ஓரெழுத்து மாறினும் பைதானுக்கு அது வேறு பெயரே. இணையத்தில் எங்கோ உள்ள கணினியில் நிரலை ஓட்டிவிட்டு இங்கே சாளரம் திறக்கும் என்று காத்திருத்தல் மற்றொன்று. அங்கே திரை என்பதே இல்லையாதலின், காட்சித்திரையின் பெயர் இல்லை என்று பிழைச்செய்தி வரும். இதற்கு எந்தப் பொதியை நிறுவியும் பயனில்லை. வீட்டுக் கணினியிலேயே நிரலை ஓட்டுவதுதான் வழி.

இந்த ஆமையின் பிறப்பும் நம் போன்றோர் அறியத்தக்கதே. 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலி ஃபர்சைக், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் குழந்தைகளுக்கென்று லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். சில ஆண்டுகளில் அதற்குத் துணையாக ஆமை வந்தது. முதலில் அது தரையில் ஊர்ந்து கோடு வரையும் பொறியாக இருந்தது. பின்னர்த் திரைக்குள் புகுந்தது. பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்திலும் ஜெனீவாவிலும் வாழ்ந்து, அமெரிக்காவில் நிலைத்தவர். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்றவர். 1980 இல் வெளிவந்த தம் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலில் அவர் வலியுறுத்திய கருத்து, நம் வீடுகளில் நினைவிற்கொள்ளத் தக்கது. பள்ளி, விடையைச் சரி என்றோ தவறு என்றோ முத்திரை குத்துகின்றது. நிரல் எழுதுபவரோ, இது சரியா என்று கேட்பதில்லை, இதனைச் சீர்செய்ய இயலுமா என்றே கேட்கின்றார் என்பது அக்கருத்து. பிழைச்செய்தி தீர்ப்பன்று, அது கணினி எழுதிய கடிதம்.

தமிழ் வழியில் படித்தமையால் வந்த குறையோ இது என்று தம்பி ஐயுற்றதற்கும் விடை சொல்ல வேண்டும். தமிழிலேயே கட்டளைகளை எழுதத்தக்க 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கியுள்ளார். அதனைப் பற்றிய அவருடைய ஆய்வுரை 2009 இல் வெளிவந்தது. அம்மொழியிலும் ஆமை உண்டு. தமிழ்ச் சொற்களுக்கு அது பணிந்து நடக்கும். ஆயினும் எழில் பைதானின் மேல் கட்டப்பெற்றது. ஆதலின் அடியில் டிகேஇன்டர் இல்லையேல் அங்கும் ஆமை வராது. இலண்டனில் ஆங்கிலமே தாய்மொழியாகப் பிறந்த பிள்ளையின் உபுண்டுக் கணினியிலும் அப்பொதி இல்லையேல் இதே கடைசி வரிதான் தோன்றும். அப்பிள்ளைக்கும் டிகேஇன்டர் என்பது பொருள் விளங்காத சொல்லே. ஆகவே குறை மொழியில் இல்லை, பிள்ளையின் அறிவிலும் இல்லை. ஒரு பொதி இறங்கவில்லை, அவ்வளவே. பொதி இறங்காததைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அறமாகுமா?

தேர்வில் அவள் ஆமையைக் கொண்டு நன்றாகவே வரைந்தாள். பிளஸ் ஒன்னில் கணினிப் பாடத்தையே எடுத்துக்கொண்டாள், தம்பி மறுக்கவில்லை. அவள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றாள். வரும் பிழைச்செய்தி ஒவ்வொன்றின் கடைசி வரியையும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அதன் பொருளையும் தீர்வையும் தமிழில் எழுதுகின்றாள். அக்குறிப்பேடு இப்பொழுது அவள் பள்ளியில் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடையே கைமாறி வருகின்றது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். ஊருக்குப் பழைய கணினி அனுப்பும் அன்பர்கள், அனுப்புமுன் பிள்ளையின் பாடநூலைக் கேட்டறிந்து, அதற்கு வேண்டிய பொதிகளை நிறுவி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள். கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்று அமைத்துத் தரும் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனையே நிறுவி அனுப்பினும் நன்று. பிள்ளை அழைத்து, வரவில்லை என்று சொன்னால், என்ன செய்தாய் என்று அதட்டாதீர்கள். கடைசி வரியில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரிய வேண்டுவதில்லை. அவ்வரியைப் பிள்ளை தன் வாயால் படிக்கவும், அதன் பொருளைத் தன் மொழியில் சொல்லவும் பொறுமையோடு காத்திருந்தால் போதும். பாதி வழி அதிலேயே கடந்துவிடும்.